நீல விளக்கு எரிந்த மடிக்கணினி

மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் நிறத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் வயர்லெஸ் அட்டையை.

பிறிஜெற், நீங்கள் கேட்டது இதையல்ல. தம்பி எங்கே, பற்றிக் எங்கே என்று இத்தாலியிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுகிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். இங்கிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

நான் ஹியூபேட். கொட்டாஞ்சேனையில் பற்றிக் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறை என் அக்கா ஐறீனுடையது. கீழே நானும் அவளும் இருக்கிறோம். எனக்குக் குடியில்லை, சிகரெட் இல்லை. லினக்ஸ் மட்டும்தான். கணினியை ஓட்டுகிற மென்பொருள்; யாரும் சும்மா எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம். இந்த 2008ஆம் ஆண்டில் கொழும்பில் தமிழன் ஒருவன் யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்யக்கூடிய காரியம் வேறு எது என்று சொல்லுங்கள்.

என் பழைய மடிக்கணினி இந்த வருடத் தொடக்கத்தில் படுத்துவிட்டது. தட்டினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும், பாதியில் நிற்கும், திரும்ப முதலிலிருந்து ஓடும். சரி, புதிது பார்க்கலாம் என்று லினக்ஸ் சீடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்த நாட்கள் எவ்வளவு இனிமையானவை என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் கடை கடையாக ஏறினேன். ஒன்றில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொன்றில் சத்தம் வந்தது, மூடித் திறந்தால் உயிர் வரவில்லை. வயர்லெஸ் ஒன்றிலும் இல்லை. வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் மக்கீன் கடைசியில் சீடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

"அண்ணன், பொண்ணு பாக்க வாறவங்க கூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க. ஒண்டை எடுங்க, இல்லாட்டி கடய நீங்களே நடத்துங்க."

நான் சிரித்தேன். எனக்கு அவசரமில்லை. சரியானது எங்கோ இருக்கிறது என்று நெஞ்சு சொன்னது.

அது மேல்மாடியில் இருந்தது. நீங்கள் இத்தாலியிலிருந்து யாரிடமோ கொடுத்தனுப்பியதாம். பற்றிக் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் மாடியேறினான். ஒருநாள் கெஞ்சிக் கேட்டு என் சீடியை அதில் போட்டேன். படம் வந்தது. சத்தம் வந்தது. மூடித் திறந்தேன், விழித்துக்கொண்டது. பிறகு ஓரத்தில் வயர்லெஸின் சின்ன நீல விளக்கு தானாக எரிந்தது. பிறிஜெற், நான் அந்த அறையில் ஒரு சுற்று ஆடினேன். உங்கள் தம்பியும் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தான். நல்ல பிள்ளை. அன்றே லினக்ஸை அதில் நிரந்தரமாக ஏற்றி, உங்களோடு கதைக்கிற ஸ்கைப்பையும் அவன் பெயரில் போட்டுக் கொடுத்தேன்.

விற்கிறாயா என்று கேட்டேன். இரண்டு மாதம் வாடகை வேண்டாம் என்றேன். கடையில் எதைக் காட்டினாலும் அதை மாற்றாக வாங்கித் தருகிறேன் என்றேன்.

"அக்கா அனுப்பினது, அண்ணே. குடுக்க ஏலாது," என்றான். "விசா சரிவந்திட்டுது. இதோடதான் பிளேன் ஏறுவன்."

இத்தாலியில் எந்தத் தெருவிலும் அதைப்போல ஒன்று வாங்கலாம். கொழும்பில் அது ஒன்றுதான் இருந்தது. இதை அவன் யோசிக்கவே இல்லை.

இனி, உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வருடம் காலி வீதிச் சோதனைச் சாவடியில் என் பழைய மடிக்கணினியைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் துவக்குகள் என் பக்கம் திரும்பின. குண்டுக்குச் சங்கேதம் என்று நினைத்துவிட்டார்கள். நான் சிங்களத்தில் பேசிச் சிரிக்க வைத்து, மத்தியானத்துக்குள் வெளியே வந்துவிட்டேன். பற்றிக்குக்குச் சிங்களம் தெரியாது. அடையாள அட்டையில் சண்டை நடக்கிற மன்னாரின் விலாசம்.

வாடகைக்கு இருப்பவன் என்று ஐறீன் அவனைப் பொலிஸில் முறையாகப் பதிந்திருந்தாள். வழமையாக வரும் சோதனைகளில் அவனுக்கு ஒன்றும் நடக்காது. ஆகவே, வேகம் கூட்டித் தருகிறேன் என்று சொல்லி அவனுடையதைக் கீழே கொண்டுவந்தேன். அதுவரைக்கும் கைக்கு ஒன்று இருக்கட்டும் என்று என் பழையதை அவன் மேசையில் வைத்தேன். பிறகு, சந்தேகமான ஆட்களைக் கண்டால் அறிவிக்கச் சொல்லிப் பஸ்களில் ஒட்டியிருக்கும் அந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மேல்மாடியில் மன்னார்ப் பையன் ஒருவன் இருக்கிறான், அவனுடைய கம்பியூட்டரில் விளங்காத எழுத்துகள் ஓடுகின்றன என்றேன். சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

காலையில் வந்தார்கள், சிவில் உடையில். ஐறீன் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். நேராக மேலே போய்ப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். எழுத்துகள் ஓடின, நின்றன, திரும்ப ஓடின. அவர்களுடைய பெரிய அதிகாரி என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். என் சிங்களம் அவருக்குப் பிடித்திருந்தது.

பற்றிக் என்னைப் பார்த்தான். முகத்தில் பயமே இல்லை. ஆள் வந்துவிட்டான், இனிப் பிரச்சினையில்லை என்கிற மாதிரி.

"ஹியூபேட் அண்ணே, இது உங்கடை லெப்டொப் எண்டு சொல்லுங்கோ. இது என்னண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

"தன்னுடையதுதான், ஆனால் என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறான்," என்று மொழிபெயர்த்தேன்.

அவனைத் தங்கள் வான் வண்டியில் ஏற்றினார்கள். பழைய மடிக்கணினியையும் ஏற்றினார்கள்.

ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்றுதான் நினைத்தேன். ஐறீன் எல்லாப் பொலிஸ் நிலையங்களுக்கும் போய்விட்டாள். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்கிறார்கள். செவ்வாய்தோறும் கொச்சிக்கடையில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறாள். நானும் கூடப் போகிறேன். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மடிக்கணினியை நான் கவனமாக வைத்திருக்கிறேன். அவனுடைய கணக்கை அழிக்கவில்லை. அவனுடைய படங்களையும் இடம் போதாமல் வந்தபோதுதான் நீக்கினேன். இது திருட்டு என்றால் எல்லாவற்றையும் துடைத்திருப்பேனே.

போன ஞாயிறு அதில் தமிழ் எழுத்துருவைப் பொருத்தினேன். லினக்ஸில் கொம்பும் காலும் உடையாமல் தமிழைக் கொண்டுவருவது சின்ன வேலையல்ல. பொருத்தி முடித்து, அவனுடைய ஸ்கைப்பில் சோதிக்கலாம் என்று திறந்தேன். திறந்த உடனே உங்கள் செய்தி வந்து விழுந்தது. தம்பி, நீயா, உயிரோட இருக்கிறியா என்று.

'ஓம் அக்கா' என்று தட்டியவன் நான்தான். எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்கத்தான். என்ன அழகாக விழுந்தது தெரியுமா, எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. உங்கள் திரையிலும் எழுத்து உடையாமல் தெரிந்ததா என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.