அக்காவின் சமையல் மேடை

முதுநகரில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள். பெரியவருக்கு அவள் மனைவி, இளையவனுக்கு அக்கா.

"சமையல் மேடையைப் பழையபடி ஒசத்தச் சொல்லிட்டேன் மச்சான்."

"வேலையத்த வேலை மாமா! அக்காவால நிக்க முடியல, உக்காந்து சமைக்கட்டும்னு நீங்கதானே எறக்கிக் கட்டுனீங்க?"

"வாடகை வீடு. காலி பண்றப்ப, இருந்த மாதிரியே குடுக்கணும்ல?"

"எதுக்குக் காலி பண்றீங்க? அக்கா வந்தா எங்க சமைக்கும்?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டாக்டர் நேத்து என்னைத் தனியா கூப்புட்டாரு."

இளையவன் அவர் தோளில் கை வைத்தான்.

"அவகிட்ட சொல்லிடாத. வீட்டப் பத்திக் கேட்டா, கிச்சன்ல டைல்ஸ் ஒட்டுறாங்கன்னு சொல்லு. ரொம்ப நாளா ஆசைப்பட்டா."

"என்ன கலருன்னு கேக்குமே மாமா."