குழி இருக்கும் திசை

காலையில் புல் வெட்டிய தரையில் பந்து கொஞ்சம் வேகமாக ஓடும். பனி ஈரம் காய்வதற்குள் அடித்தால் அதே பந்து சோம்பிப்போய்ப் பாதியிலேயே நின்றுவிடும். கோல்ஃப் ஆடாதவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே தோன்றாது. என் தங்கைக்கு இதையெல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு எதையும் விளக்கமாகச் சொல்கிற பழக்கம் வந்துவிட்டது. இங்கேயும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பயிற்சித் திடலில் வேலை பார்க்கிறவன். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டையை எப்படிப் பிடிப்பது, இடுப்பை எப்போது திருப்புவது என்று சொல்லிக்கொடுப்பேன். இளவயதில் நானும் ஆடினேன். நன்றாகவே ஆடினேன். தேர்வுப் போட்டிகளில் கடைசி நாள் வரை வருவேன், கடைசி நாளில் கை சொன்னபடி கேட்காது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

குட்டிக்குச் சின்ன வயதிலேயே கண்ணில் நீர் அழுத்தம். என் தங்கையை நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். இடது கண் பள்ளிக்கூடம் சேர்ப்பதற்கு முன்பே போய்விட்டது. வலது கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உறிஞ்சுகுழாய் வழியாக உலகத்தைப் பார்க்கிற மாதிரி என்பாள். அந்தக் குழாய்க்குள் வருகிறதெல்லாம் தெளிவாகத் தெரியும். அதைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டு மருந்து போட வேண்டும். போட்டதும் கண் எரியும். அம்மாவுக்குக் கை நடுங்கும் என்பதால் நான் போட ஆரம்பித்தேன். அம்மா போன பிறகும் நான்தான் போட்டேன். அவள் வளர்ந்து, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தொலைபேசியில் பதில் சொல்கிற வேலைக்குப் போன பிறகும், சாயங்காலம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்ப்பாள். நான் போடுவேன். "உன் கை மட்டும்தான் அண்ணா இமைல இடிக்காது" என்பாள்.

அவளுக்கு கோல்ஃப் கற்றுக்கொடுத்ததும் நான்தான். பார்வை இல்லாதவர்கள் ஆடும்போது கூடவே ஒரு வழிகாட்டி நிற்பார். குழி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், காற்று எப்படி என்று சொல்லி, மட்டையின் முகத்தைப் பந்துக்குப் பின்னால் சரியாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அடிப்பது மட்டும்தான் ஆட்டக்காரரின் வேலை. யாரோ ஒருவர் அவளிடம், பந்தைப் பார்க்காமல் எப்படி அடிக்கிறீர்கள் என்று கேட்டார். "அது எங்கயும் ஓடிப்போகாதுங்க. நான் போய் அடிக்கிற வரைக்கும் அங்கேயேதான் கிடக்கும்" என்றாள். அவள் வாய் அப்படி.

உடல் குறைபாடு உள்ளவர்களுக்கான நாடுகளின் அணிப் போட்டி ஒன்று இருக்கிறது. நான்கு பேர் ஓர் அணி, நால்வரின் கணக்கும் சேர்ந்துதான் அணியின் கணக்கு. எங்கள் அணியின் தலைவர் முன்பு லாரி ஓட்டியவர், இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் டிரைவர் அண்ணன். ஒரு கை மட்டும் உள்ள தையல்காரர் ஒருவர். உயரம் குறைந்த பள்ளி ஆசிரியர் ஒருவர். நான்காவது குட்டி. முதல் கூட்டத்திலேயே டிரைவர், "நம்ம நாலு பேரையும் கூட்டிக் கழிச்சா மூணு முழு ஆள் தேறும். மத்த டீமெல்லாம் ரெண்டரைதான், பயப்படாதீங்க" என்றார். ஆசிரியர், "என்னைய முழுசா சேர்த்தீங்களா, பாதியா?" என்று கேட்டார். குட்டி சிரித்துச் சிரித்து இருமிவிட்டாள்.

முதல் முறை போனபோது நாட்டின் பெயர் போட்ட சட்டை எனக்கும் கொடுத்தார்கள். வழிகாட்டியும் அணியைச் சேர்ந்தவர்தான், படத்திலும் நிற்பார். அந்தச் சட்டையைத் துவைக்கும்போது நான் வேறு துணிகளோடு சேர்க்க மாட்டேன்.

இரண்டாவது போட்டிக்கு முன்னால் அணிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குட்டியின் தோள்பட்டைக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு நான் வேலையில் இருக்கிற நாட்களில் அவளோடு திடலுக்கு வந்தார். அவளை 'மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் 'நீ' என்றார். அவள் திருத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அண்ணா, இந்தத் தடவ வழிகாட்டியா அவரு வரட்டும்னு பேரு குடுத்துட்டேன். உனக்கும் முதுகு வலி. நீ வீட்ல ரெஸ்ட் எடு."

"சரிம்மா" என்றேன்.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவரு மொகம் எனக்குத் தெரியுது அண்ணா. கிட்ட வந்து நின்னா நெத்தியிலேருந்து தாடை வரைக்கும் முழுசா தெரியுது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் எப்படி இருந்தது என்று என்னால் உங்களுக்குச் சொல்ல முடியாது. அவளுக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போட்டேன்.

அன்று சாயங்காலம் சரியான மருந்தைத்தான் போட்டேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது தப்பு. நான் யோசித்துத்தான் செய்தேன். ஓரளவு பார்வை இருக்கிற ஆட்டக்காரருக்கு யார் வழிகாட்டினாலும் ஓட்டிவிடலாம். அவளே சாய்ந்து பார்த்து, குழியில் நட்ட கொடியின் நிறத்தைப் பிடித்து, பாதி வேலையை முடித்துவிடுவாள். பிசியோ கெட்டிக்காரர் என்று அவள் நினைத்தது அதனால்தான். அது அவளுடைய கண்ணின் கெட்டிக்காரத்தனம். அந்தக் கண் கொஞ்சம் மங்கினால் யாருடைய அருமை என்னவென்று அவளுக்கே புரியும் என்று நினைத்தேன். கொஞ்சம் மங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன்.

கண் உலர்ந்துபோகிறவர்களுக்கு ஒரு சொட்டு மருந்து எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும். அவளுடைய குப்பியைக் காலி செய்து, கழுவி, அதில் இதை நிரப்பினேன். அது விஷம் இல்லை. கண்ணுக்கு இதமானதுதான். ஒருநாள்கூடத் தவறாமல் போட்டேன். அவள் தலையைச் சாய்ப்பாள், நான் போடுவேன். அவளைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் என்மேல் குற்றம் சொல்ல முடியாது.

இந்த நோயில் வலி இருக்காது. சத்தமில்லாமல் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். மழைக்காலம் முடியும்போது அவள் முழங்காலில் காயங்கள் தெரிய ஆரம்பித்தன. கட்டில் கால், அலுவலகத்து இழுப்பறை, பேருந்துப் படி. அணியில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"அண்ணா, குழாய் சின்னதாயிட்டே வருது."

"சோர்வா இருக்கும்."

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்துரலாமா?"

"போலாம். ஆனா இப்பப் போனா ஆபரேஷன்னு சொல்லிப் படுக்க வெச்சிருவாங்க. டீம்லேருந்து தூக்கிருவாங்க. போட்டி முடியட்டுமே."

யோசித்தாள். "பிசியோகிட்ட சொல்லாத" என்றாள். சொல்லவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறியதே கிடையாது. மருத்துவமனையிலிருந்து வழக்கமான பரிசோதனைக்கு அழைத்தபோது, பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

ஒருநாள் காலையில் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். கிழக்கு ஜன்னல் முழுக்க வெயில்.

"கரண்ட் போயிருச்சா அண்ணா?"

"ஆமாம்மா. போயிருச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் அவளைப் பதற வைக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கலாம். அவள் சுவரைத் தடவிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கையை நீட்டினாள். வெயில் கையில் பட்டது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, இரண்டு பேரும் அணைக்கவில்லை.

அன்றைக்கே டாக்டரிடம் போகலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள். அவளே வேண்டாம் என்றாள். போனது போய்விட்டது, அதைக் காதாலும் கேட்க வேண்டுமா என்றாள். அது உண்மை, வேண்டுமானால் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அணியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று டிரைவரிடம் போய்ச் சொன்னாள். அவர், "இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லாதவன்கிட்ட வந்து முடியலன்னு சொல்றியா தங்கச்சி? நல்ல இடமா பாத்துத்தான் வந்திருக்க" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியதைக் குட்டி பார்க்கவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை. பிசியோ அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவள் கையை நீட்டி, அவர் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மெதுவாகத் தடவினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "அண்ணன்தான் எனக்கு வழிகாட்டணும். முழு இருட்டுல எனக்கு அண்ணன் குரல் போதும்" என்றாள்.

எல்லார் முன்னாலும் சொன்னாள். நானாகக் கேட்கவில்லை.

போட்டியில் அவள் ஆடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அவள் எட்டிப் பார்த்து இன்னொன்று செய்வாள், வாக்குவாதம் பண்ணுவாள். இப்போது அது ஒன்றும் இல்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். திருப்பிய பக்கம் திரும்பினாள். அடி என்றதும் அடித்தாள். கடைசி நாளில் குழிக்குப் பக்கத்தில், மேடும் சரிவுமான புல்லில் நான் ஒரு கோடு பார்த்துச் சொன்னேன், பந்து அதன்மேலேயே ஓடிப்போய் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் அது.

எங்கள் அணி மூன்றாவதாக வந்தது. அதற்கு முன் அவ்வளவு மேலே வந்ததே இல்லை. மேடையில் நிற்கும்போது குட்டி என் பக்கம் தலையைச் சாய்த்து, "எல்லாரும் சிரிக்கிறாங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

"சிரிக்கிறாங்க."

"அவரு?"

"அவரும்தான்."

அவர் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது அவள் பேச்சுவாக்கில் அவரிடம், மருந்து இப்போதெல்லாம் எரிவதே இல்லை, செத்த கண்ணுக்கு எரிச்சல்கூடத் தெரியாது போல என்றாள். எப்போதிருந்து எரியவில்லை என்று அவர் கேட்டார். அவள் யோசித்தாள். பார்வை நன்றாக இருந்த காலத்திலிருந்தே என்றாள். அவர் எழுந்து எங்கள் அறைக்குப் போய், குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்துக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. மிச்சமெல்லாம் உங்கள் ஸ்டேஷன் கோப்பில் இருக்கிறது.

தெரிந்து செய்தீர்களா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். நரம்பு செத்தால் திரும்பாது, மருந்து நின்றால் நரம்பு சாகும் என்று டாக்டர் சொன்னபோது குட்டி அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று கேட்டது நான். ஒவ்வொரு சாயங்காலமும் குப்பியைக் கையில் எடுக்கும்போது அது எனக்கு ஞாபகத்தில் இருந்தது. என் தங்கையின் பார்வையை எடுத்தது நான். பதிலுக்கு என் பார்வையைக் கொடுத்தேன். அதில் அவளுக்கு நஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலையில் அவள் வந்திருந்தாளே, பிசியோவோடு. நீங்களும் வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தீர்கள். இதே மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். "அன்னிக்குக் காலைல கரண்ட் போகலதானே?" என்று மட்டும் கேட்டாள். போகவில்லை என்றேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான் குட்டி என்றேன். எழுந்துவிட்டாள். கை பிடிக்க வந்த பிசியோவை வேண்டாம் என்று தள்ளிவிட்டுத் தனியாகக் கதவை நோக்கி நடந்தாள்.

நேராகப் போனால் அந்த இரும்பு அலமாரி, வலது பக்கமும் அதுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. "இடது பக்கம் ஓரடி, குட்டி" என்றேன். நின்றாள். நான் சொன்னதை உள்ளே வாங்கிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. பிறகு வலது பக்கம் திரும்பி நடந்தாள். அலமாரியின் விளிம்பு நெற்றியைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைத் துடைக்காமல், சுவரைத் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்து வெளியே போனாள்.

கோபத்தில் இருந்தாள், நான் சொன்னது காதில் சரியாக விழுந்திருக்காது. வீட்டுக்குப் போனதும் பொறுமையாக மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும்.