கடைசி வாசலுக்குப் பிறகு

உங்கள் நர்ஸ் கலக்கிக் கொடுத்த மைலோ நன்றாக இருக்கிறது, டாக்டர். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவே கிடையாது. வாசுகிக்குப் பள்ளிக்கூட வயதிலேயே நீரிழிவு வந்துவிட்டதால் எனக்கும் அந்த ருசி விட்டுப்போயிற்று. தங்கைக்கு ஆகாதது அண்ணனுக்கு எதற்கு என்று நானே நிறுத்திக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வாசுகியின் இடது கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாமே, ஏன் இவ்வளவு தாமதமாகக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டீர்கள். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் சொல்லத் தோன்றுகிறது. கதவு சாத்தித்தானே இருக்கிறது? வெளியே வாசுகியும் அவள் சிநேகிதி லோஷினியும் உட்கார்ந்திருக்கிறார்கள். லோஷினி சிங்கப்பூரில் வேலை செய்கிறவள். லீவில் எங்கள் ஊர் மூவாருக்கு வந்தவள், இவள் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதைப் பார்த்ததும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் காரில் ஏற்றி இங்கே ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

முதலில் ஒரு ஜப்பான் கார்ட்டூனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். அதன் ஜப்பானியப் பெயர் எங்கள் வாயில் நுழையாது, ‘வாசல்’ என்றுதான் சொல்வோம். மியோ என்று ஒரு பெண். சூரியனே இல்லாத ஊரில், ஒவ்வொரு வாசலாகத் திறந்து தன் வீட்டைத் தேடிப் போகிறாள். அவளுக்கு ஓரடி முன்னால் லாந்தரைத் தூக்கிக்கொண்டு டாய்ச்சி என்று ஒருவன் நடக்கிறான். வாரம் ஒரு வாசல். இருபது வருடத்துக்கு மேல் ஓடியது.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டு நாற்காலி, சோபா தொழிற்சாலைக்குப் போனவன். பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், அந்தத் தொடரின் சிடி வாங்கி வருவேன். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். நான் பாதி வரியைப் பிடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். வாசுகிதான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுவாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். மியோ அழுதால் இவளும் குரலை மாற்றி அழுவாள். அப்பா அம்மா இருவரும் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைப் பகல் எங்களுக்கு அதுதான்.

பிறகு அவளுக்கு வலது கண் போயிற்று. இடது கண்ணும் மங்கியது. பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தவள் வேலையை விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவிக்குக் கிட்டே போய்ப் போய்ப் பார்த்துவிட்டு, எழுத்து தெரியலண்ணே, இனிமே நீங்கதான் எனக்குச் சொல்லணும் என்றாள்.

நான் கற்றுக்கொண்டேன், டாக்டர். சனிக்கிழமையே தனியாகப் பார்ப்பேன். நிறுத்தி நிறுத்தி, தெரியாத சொல்லைப் போனில் தேடி, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மறுநாள் அவளுக்குச் சத்தத்தை ஓடவிட்டுக் கதை சொல்வேன். இத்தனை வருடம் சோபாவுக்குத் துணி தைக்கிறேன். என் தையலை ஒருவர்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. வாசுகி சொன்னாள்.

“நீங்க சொன்னா அப்படியே முன்னாடி தெரியுதுண்ணே.”

அதைக் கேட்ட அன்று நான் பாத்ரூமில் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

தொடர் முடியப்போகிறது என்று அறிவித்தபோது எனக்கு இரண்டும் இருந்தது. மியோ வீடு போய்ச் சேர வேண்டும் என்று இருந்தது. எவ்வளவு நடந்துவிட்டாள், பாவம். சேரவே கூடாது என்றும் இருந்தது. தொழிற்சாலையில் வீரமுத்து என்று ஒருவன், அவனும் பார்க்கிறவன்தான். முடிஞ்சா முடியட்டும்லா, ஞாயித்துக்கெழம மீன் பிடிக்கப் போலாம் என்றான். அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

கடைசி வாரத்தைச் சனிக்கிழமை தனியாகப் பார்த்தேன். கடைசி வாசலைத் திறக்கிறார்கள். அந்தப் பக்கம் பொழுது விடிகிறது. மியோ திரும்பி டாய்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவன் கையிலிருந்த லாந்தரை ஊதி அணைக்கிறாள். இனிமேல் இது வேண்டாம், நன்றி என்று குனிந்து சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போய்விடுகிறாள். அவன் வாசற்படியிலேயே நிற்கிறான். எழுத்து ஏறுகிறது, பாட்டு வருகிறது, முடிந்தது.

இருபது வருடம் கூட நடந்தவனுக்கு அவ்வளவுதான் மரியாதை. போனில் உலகம் பூராவும் அழகான முடிவு, அழகான முடிவு என்று எழுதிக் குவித்தார்கள். அவர்களில் ஒருவனாவது அந்த வாசற்படியில் நின்று பார்த்திருப்பானா? திங்கட்கிழமை அவன் எங்கே போவான் என்று அந்தக் கதையை எழுதியவருக்குக் கவலையே இல்லை.

மறுநாள் வாசுகியிடம், கடைசி வாசலுக்கு அந்தப் பக்கமும் இருட்டுத்தான் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் அப்படி வந்தது. இன்னைக்கு முடியுதுன்னாங்களேண்ணே என்று கேட்டாள்.

“தள்ளிப் போட்டுட்டாங்கம்மா.”

அதற்குப் பிறகு கதையை நானே கட்டினேன். சத்தத்துக்குப் பழைய வாரங்களில் ஒன்றை ஓடவிடுவேன். அதன்மேல் என் கதையைச் சொல்வேன். ஜப்பான் பாஷை அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? ஒரு தடவை, மியோ பாடுகிற இடம் வருவதற்கு முன்பே வாசுகி அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். கேட்காத பாட்டை முன்கூட்டியே பிடிக்கிறாளே, கண் போனால் காது எவ்வளவு கூர்மையாகிவிடுகிறது என்று ஆச்சரியப்பட்டேன். உங்களுக்கு அலுப்பா இல்லையாண்ணே என்று அடிக்கடி கேட்பாள். எப்போதும் என்னைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை.

யாராவது உளறிவிடக் கூடாதே என்று அவளுடைய போனை மாற்றி, பொத்தான் அழுத்துகிற சின்னப் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தடவிப் பார்த்தே நம்பர் அடிக்கலாம், அவளுக்கும் சௌகரியம். நம்பரும் புதிது. லோஷினி என்னைக் கூப்பிட்டால், வாசுகி தூங்குகிறாள் என்பேன். லோஷினியும் அந்தத் தொடரைப் பார்க்கிறவள், டாக்டர். வேறு பகை ஒன்றுமில்லை.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். முன்பு காட்டிக்கொண்டிருந்த மருத்துவமனையில், இடது கண்ணில் விழித்திரை பிய்ந்துகொண்டு வருகிறது, உடனே ஆப்பரேஷன் செய்தால் பார்வை நன்றாகவே திரும்பும், தள்ளிப்போட்டால் திரும்பாது என்றார்கள். தெளிவாகத்தான் சொன்னார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. தேதியும் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வாசுகி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அத்தனை சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுநாளாயிற்று. மறுபடியும் பாலர் பள்ளிக்குப் போகப் போவதாகச் சொன்னாள். பிறகு இதைச் சொன்னாள்:

“கண்ணு வந்துட்டா நானே பாத்துக்குவேண்ணே. நீங்க எனக்காக எவ்ளோ கஷ்டப்பட்டுட்டீங்க. ஞாயித்துக்கெழமைல நாலு எடம் போய்ட்டு வாங்க.”

நல்ல மனதோடு சொன்னாள், எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் அவள் லாந்தரை ஊதுகிற சத்தம்தான் கேட்டது. எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. கண் வந்த மறுநிமிடம் போனைத் திறப்பாள். தொடர் எப்போதோ முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்வாள். இத்தனை நாள் தான் கேட்டதெல்லாம் கதையே இல்லை என்று தெரிந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்? ஒரு அண்ணனாக அதைத்தான் நான் முதலில் யோசித்தேன்.

மருத்துவமனைக்குப் போன் போட்டு, என் தங்கை பயப்படுகிறாள், வேண்டாம் என்கிறாள் என்று மலாயில் சொன்னேன். அந்த நர்ஸம்மா விடவில்லை, இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை, சிங்கப்பூரில் செய்துகொள்ளப் போகிறோம் என்றேன். சரி, நல்லபடியாக நடக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்தார். வாசுகியிடம், மெஷின் ரிப்பேராம், ஆப்பரேஷனைத் தள்ளிப் போட்டுட்டாங்கம்மா என்றேன். சரிண்ணே என்றாள். நான் சொல்லி அவள் நம்பாமல் போனது எது?

அப்புறம் காத்திருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கீழேயிருந்து கறுப்பாத் திரை மாதிரி ஏறுதுண்ணே, தட்டுல பாதி தெரியல என்றாள். அது என்ன என்று மருத்துவமனையில் முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியும். அந்த வாரக் கதையில், வாசலுக்குக் கீழேயிருந்து கறுப்புத் திரை ஒன்று மெல்ல மெல்ல ஏறி மியோவின் இடுப்புவரை வந்ததாகச் சொன்னேன். டாய்ச்சி லாந்தரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான், பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றான். வாசுகி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு கேட்டாள்:

“அந்தத் திரைய யாராவது எறக்க மாட்டாங்களாண்ணே?”

அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். நான் சொன்னதிலேயே நல்ல கதை அதுதான்.

திரை முழுக்க ஏறிவிட்டது. இப்போது அவளுக்கு வெளிச்சமும் தெரிவதில்லை. நீங்கள் டார்ச் அடித்தபோது நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் தவறவிடவில்லை, டாக்டர். காய்ச்சலோடும் சொல்லியிருக்கிறேன். அவளும் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சில நாள் கதை நடக்கும்போதே அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடும். அவ்வளவு ஒன்றிப் போய்விடுவாள்.

ஆக, தாமதமாக வரவில்லை. வரவிடாமல் செய்தேன். அவள் இடது கண்ணைப் போக்கியது நோய் இல்லை, நான்தான். தெரிந்தேதான் செய்தேன். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். லோஷினி என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். வாசுகியை உள்ளே கூப்பிட்டு, உன் கண் இனிமேல் வராது என்று சொல்லுங்கள். யாரால் வராது என்பதையும் சொல்லுங்கள். சின்ன வயதிலிருந்து ஊசி குத்திக்கொண்டு வளர்ந்தவள் அவள், திடமானவள். தாங்கிக்கொள்வாள்.

ஒன்றே ஒன்று, டாக்டர். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அந்தத் தொடர் முடிந்துவிட்டது என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அதை அவளால் தாங்க முடியாது.