பதிலுக்கு முன் ஒலித்த இசை

செங்கம் சாலை நெரிசலில் டவுன் பஸ் நின்றிருந்தது. முன் இருக்கையில் ஓர் இளம்பெண்ணும் அவளுடைய அண்ணியும்.

"அண்ணன் போன் மட்டும் அடிக்காம இருந்திருந்தா, நேத்து சரின்னு சொல்லித் தொலைச்சிருப்பேன் அண்ணி."

பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்ட நேரத்தில், பழைய டிவி வினாடி வினா நிகழ்ச்சியின் 'டிக் டிக்' இசை அண்ணனின் ரிங்டோனாக ஒலித்திருக்கிறது.

"எல்லாரும் உன் வாயையே பாத்துன்னு இருந்தாங்க. மாப்ள மட்டும் சிரிச்சாரு."

"சிரிச்சுட்டு, அந்த நிகழ்ச்சியில கேக்கற மாதிரியே, 'நண்பருக்கு போன் போடணுமா'ன்னாரு. அது எனக்குப் பிடிச்சுது. உங்க நம்பரையே குடுங்கன்னு வாங்கிட்டேன்."

"அடிப்பாவி! பேசினியா?"

"காலைல பேசினேன். கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவேன், உங்களுக்குச் சரியான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"அம்மாவக் கேட்டுச் சொல்றேன்னாரு."

பஸ் நகர்ந்தது.

"வேணாம்னு வீட்ல நீங்களே சொல்லிடுங்க அண்ணி."

"நான் சொன்னா உங்கண்ணன் கத்துவாரு. நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."