கிருத்திகை ஆறுதான்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு இருட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியவில்லை. விளக்கை அணைத்த மறுநிமிடம் ஒருவன் இருமுகிறான், ஒருத்தி பக்கத்துக்காரியிடம் என்ன குழம்பு என்று கேட்கிறாள். அப்படிப்பட்ட ஜனங்கள் அன்றைக்கு நூல் கிடங்கில் மூச்சுக் காட்டாமல் கிடந்தார்களே, அது யார் செய்த வேலை என்று தேவகி டீச்சர் கேட்கிறார்கள். தெரிந்தவர் எழுதிக் கொடுக்கட்டும், போலீஸுக்குப் போகாது என்கிறார்கள். எழுதுகிறேன். நான் படித்தது நாலாவது. பிழை இருந்தால் டீச்சர் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என் பெயர் பங்காரு. கிடங்குக்கு வாட்ச்மேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கும். என் மகள் சுலோச்சனா இங்கே பள்ளியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தாள். வயது முப்பது. என் சம்சாரம் ஜெயம்மாள் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

இரண்டு வருஷமாக அவள் ஒரு தகர டிரம்மில் ஆணியால் ஓட்டை போட்டாள். வானத்துப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, நட்சத்திரத்துக்கு ஒரு ஓட்டை. மெக்கானிக் நஜீர் அகமது பழைய ஃபேன் மோட்டாரைக் கட்டி அதைச் சுற்ற வைத்தான். உள்ளே பெரிய பல்பு. கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. ஜமுக்காளத்தில் மல்லாந்து படுத்தால் கூரை, சுவர், பக்கத்தில் படுத்தவன் மூக்கு, எல்லாவற்றின் மேலும் நட்சத்திரம் ஊரும். தறிச் சத்தத்தை டேப்பில் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டுவாள். அப்போது அது தறி மாதிரியே கேட்காது. பெரிய மிருகம் ஒன்று தூங்குகிற மாதிரி கேட்கும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

“வெளிச்சம் தண்ணி மாதிரி ஒழுகி வர்றதில்ல நைனா. அரிசி மாதிரி மணிமணியா வருது. ஒவ்வொரு மணியும், யாரும் பாக்காத வரைக்கும் இங்கயும் இருக்கும், அங்கயும் இருக்கும். பாத்தாத்தான் ஒரு எடத்துல நிக்கும்.”

“நம்ம நஜீர் கூட அப்டிதான். கடையில கேட்டா வீட்ல கீறான்றாங்க, வீட்ல கேட்டா கடையிலன்றாங்க.”

“ஆங், அதேதான். அதுக்குப் பேரு குவாண்டம்” என்று சிரித்தாள்.

சிரிப்பெல்லாம் சரிதான். நான் படுத்து எண்ணிப் பார்த்தேன். கிருத்திகை இருக்கிற இடத்தில் பதினொரு நட்சத்திரம் வைத்திருந்தாள். முருகனை வளர்த்த தாய்மார் ஆறு பேர். திருத்தணியில், அவன் மலைக்குக் கீழேயே, ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, பதினொரு பேர் என்று காட்டலாமா?

“தொலைநோக்கில பாத்தா நூத்துக்கணக்குல இருக்குது நைனா.”

“உன் தொலைநோக்கியா பால் குடுத்துது?”

அவள் சோறு போட்டாள். போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். மெட்ராஸ் மியூசியத்திலிருந்து ஒரு ஆபீசர் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் டிரம்மும் மெட்ராஸுக்குப் போகும், அவளும் போவாள், அங்கேயே வேலை.

“நீயும் வந்துடு நைனா.”

“கெடங்க யாரு பாத்துக்கறது?”

இந்தப் பேச்சுக்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன, அவ்வளவுதான்.

ஆபீசர் வருகிற அன்று மத்தியானம், சுலோச்சனா அவரை அழைத்து வர ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். எனக்கு வைத்துவிட்டுப் போன பழைய சோற்றைப் பிழிந்தேன். பானை அடிக் கரியைச் சுரண்டிப் போட்டுப் பிசைந்தேன். அதிகமாக இருந்த ஐந்து ஓட்டையை மட்டும் அடைப்பதுதான் எண்ணம். அடைத்தேன். சோறு மீந்துவிட்டது. சோற்றை வீணாக்கக் கூடாது. பக்கத்தில் இருந்ததெல்லாம் எனக்குப் பெயர் தெரியாத நட்சத்திரம். பெயர் தெரியாத ஆளை நான் கிடங்குக்குள்ளேயே விடுவதில்லை. கடைசியில் சுவருக்குச் சாணி பூசுகிற மாதிரி டிரம் முழுக்கப் பூசிவிட்டேன். கிருத்திகை ஆறு ஓட்டையை மட்டும் ஈர்க்குச்சியால் குத்தித் திறந்தேன். மேலே கறுப்புத் துணியை முன்போலவே போர்த்தினேன். கை கழுவினேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

நாலு மணிக்கு எல்லாரும் படுத்தார்கள். ஆபீசர் நடுவில். நஜீர் விளக்கை அணைத்தான், துணியை எடுத்தான், சுவிட்சைப் போட்டான். கூரையில் ஆறே ஆறு புள்ளி.

இருட்டில் சுலோச்சனா ஒரு மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு எனக்குத் தெரியும். அவள் அம்மாவைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனபோது அப்படித்தான் இழுத்தாள். நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. ஆறு சரியாக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

டேப்பில் அந்த மிருகம் தூங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் டப் என்று ஒரு சின்னச் சத்தம். ஏழாவதாக ஒன்று வந்தது. பல்புச் சூட்டில் சோறு காய்ந்து உதிர ஆரம்பித்திருக்கிறது. டப், எட்டு. டப், ஒன்பது. அந்தி சாய்ந்து மலைமேல் ஒவ்வொன்றாக வருமே, அப்படி வந்தது. இருபது, முப்பது. நஜீர் சம்சாரம் மஹ்மூதா, “யா அல்லா” என்று மெல்லச் சொன்னாள். அதற்கப்புறம் ஒருவரும் இருமக்கூட இல்லை. முக்கால் மணி நேரத்தில் வானம் முழுக்க வந்துவிட்டது. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

விளக்கைப் போட்டபோது ஆபீசர் கண்ணைத் துடைத்தார். “வெளிச்சம் மணிமணியாக வருகிறது என்று படித்திருக்கிறேன். இன்றைக்குத்தான் பார்த்தேன்” என்றார். சுலோச்சனாவை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். தரையில் கிடந்த சோற்றுச் சருகைப் பெருக்கியதும், டிரம்மை ஈரத் துணியால் துடைத்ததும் நான்தான். வாட்ச்மேன் வேலை.

அவள் போய் நாலு மாதமாகிறது. பஸ் ஏறும்போது என் நகத்தைப் பார்த்தாள். கரி இன்னும் போகவில்லை.

“அன்னிக்கி மத்தியானம் சாப்ட்டியா நைனா?”

“ஆங், சாப்ட்டேன்.”

இப்போது மெட்ராஸிலிருந்து டீச்சருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அங்கே நட்சத்திரம் எல்லாம் ஒரே சமயத்தில் வந்துவிடுகிறதாம். திருத்தணியில் ஒவ்வொன்றாக வர வைத்தவர் யார், எப்படி என்று ஆபீசர் கேட்கிறாராம். நான்தான். என் மகள் கணக்குப்படி பார்த்தால், யாரும் பார்க்காததால் இத்தனை நாள் நான் செய்தவனும்தான், செய்யாதவனும்தான். டீச்சர் கேட்டதால் செய்தவனாகிவிட்டேன்.

செய்முறையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டு அரிசி, எங்கள் வீட்டு அடுப்பு, எங்கள் பானைக் கரி. வடித்துத் தண்ணீர் ஊற்றுவது சுலோச்சனா கையாக இருக்க வேண்டும். ஓட்டல் சோறு ஒட்டாது. நாலு மாதமாகத் தின்கிறேன், எனக்குத் தெரியும். அதனால் அவள் இங்கே வந்துதான் வடிக்க வேண்டும். ஒரு நாளில் பதம் வராது. எத்தனை நாள் ஆகும் என்று இப்போதே சொல்ல முடியாது.

கிடங்கு திறக்க நேரமாகிவிட்டது. பேனாவை டீச்சர் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன். அந்த ஆபீசர் என்ன சொன்னாலும் கிருத்திகை ஆறுதான். அவள் எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். சோற்றுப் பதத்துக்காகத்தான் கேட்கிறேன்.