மூக்கு மேலே இருந்த அம்பாசிடர்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்தில் தூறல் அடித்தது. என் முன் இருக்கையில் டிபன் பையோடு இருந்தவர் ஷட்டரை இறக்கிவிட்டு, பக்கத்து நண்பரிடம் சொன்னார்:

"என் காரு தண்ணி குடிச்சு செத்துப்போச்சு மாமே."

"உங்கப்பாவோட அம்பாசிடரா? இன்னா ஆச்சு மச்சான்?"

"சித்திர வெயில்ல மேடு ஏறவே தெணறுச்சு. பானெட்டுக்குள்ள இருக்கிற சூடான காத்த இழுக்குதுன்னு, ஊடு கட்னப்ப மிச்சமான பிவிசி பைப்ப ஏர் ஃபில்டர்ல மாட்டி, அதோட வாய பம்பருக்குக் கீழ வெச்சேன். சில்லுன்னு காத்து போச்சு. வண்டி பறந்துச்சு."

"அப்பால?"

"ஐப்பசி மழைல வெள்ளானூர் ரோட்ல முழங்கால் தண்ணி. காத்த உட்டுட்டு தண்ணிய இழுத்துச்சு. டமால்னு ஒரு சத்தம், அவ்ளோதான். இஞ்சினு போச்சு."

"அவ்ளோ தண்ணில எறக்குனா எந்த வண்டிதான் தாங்கும்?"

"எங்கப்பா அதே தண்ணில வருஷா வருஷம் ஓட்னாரு மாமே. அந்தத் தெகிரியத்துலதான் எறக்குனேன். அவர் ஓட்றப்ப அதுக்கு மூக்கு மேல இருந்துச்சு. நான்தான கீழ இழுத்து வெச்சேன்."



"காரு எங்க கீது?"

"பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

"பைப்பு?"

"அதுக்கு ஒண்ணும் ஆவல. மொட்ட மாடித் தண்ணி எறங்க மாட்டிக்கீறேன். மழ பேஞ்சா கடகடன்னு ஊத்துது. கேட்டுகினே குந்திக்கீறேன்."