முதல் எழுத்து மங்கிய காசு

பழைய தங்கக் காசை யாரும் துடைக்கக் கூடாது. வீட்டுப் பெண்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். பளபளப்பு இல்லாவிட்டால் அவர்களுக்கு அது தங்கமே இல்லை. என் மனைவி ஒருமுறை புளி போட்டுத் தேய்க்கப் போனாள். நான் கோபப்படவில்லை. அலமாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதன்பின் அவளும் அந்த அறைப்பக்கம் வந்ததில்லை.

அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் அனுப்புவது என் தொழில். அரிசி, காய்கறி, இறைச்சி, குடிதண்ணீர். கடலில் நங்கூரமிட்டு நிற்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கு எங்கள் படகு போய்வரும். அந்தக் கப்பல்காரர்கள் மூலமாகத்தான் அமெரிக்கத் தங்கக் காசுகள் எனக்குப் பழக்கமாயின. போன நூற்றாண்டுக்கு முந்தைய காசுகள் மட்டும் சேர்த்தேன். ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். திருட்டுப் பொருளையோ தகராறு உள்ள பொருளையோ நான் தொடுவதில்லை. துபாயிலும் மஸ்கட்டிலும் இந்த விஷயத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

லுக்மானும் கீழக்கரைக்காரன்தான். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். பழைய சூக்கில், அதுதான் கடைத்தெருவில், கடிகாரக் கடை வைத்திருந்தான். அதற்கு முன் சவூதியில் அல் கோபாரில் இருந்தபோது, எண்ணெய்க் கம்பெனியில் வேலைபார்த்த ஓர் அமெரிக்கக் கிழவர் ஊர் திரும்புகையில் ஒரு கைக்கடிகாரத்துக்கு மாற்றாக அவனிடம் ஒரு காசைக் கொடுத்திருக்கிறார். கட்டைவிரல் நகத்தளவு. ஒரு டாலர், 1861.

அது என்ன காசு என்று அவனுக்குச் சொன்னதே நான்தான். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது டலானிகா என்ற சிற்றூரின் நாணயச்சாலை கலகக்காரர்கள் கைக்குப் போனது. அங்கே மிச்சமிருந்த தங்கத்தில் அவர்கள் கொஞ்சம் காசு அடித்தார்கள். எத்தனை என்று யாருக்கும் தெரியாது. காசின் முகப்பில் இறகுக் கிரீடம் வைத்த ஒரு பெண். அவளைச் சுற்றிய எழுத்துகளில் முதலாவது மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருக்கும். போலியில் அது தெளிவாக விழும். லுக்மானின் காசில் அது மங்கியிருந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பலமுறை விலைக்குக் கேட்டேன். சிரிப்பான். இரண்டாயிரத்து ஐந்தில் அவன் மகள் நஜீஹாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

"காக்கா, அந்தக் காசுல கொக்கி வச்சுப் பிள்ளைக்குச் சங்கிலியில கோக்கப் போறேன். சூக்குல வங்காளி ஆசாரி ஒருத்தன் நல்லா பத்தவைப்பான். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கான்."

"பத்தவச்சா செத்துப்போயிரும் லுக்மான்."

"வித்தா காசு, போட்டா நகை. புள்ள கழுத்துல கெடக்கட்டுமே."

பக்கத்தில் அவன் மனைவி அஸ்மத் பீவி தேநீர்த் தட்டோடு நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை அவனை எல்லை தாண்டி ஓமானில் இருக்கும் சோஹாருக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு ஓமானிப் பெரியவரிடம் பழைய வெள்ளிக் காசுகள் இருந்தன. டிரைவரை வரவேண்டாம் என்றேன். அவனுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டுமே. திரும்பும்போது மலைக்குள் வாதி என்கிற வறண்ட ஆற்றுப்படுகை வழியாகப் போகலாம் என்றது நான்தான். நெடுஞ்சாலையில் பார்க்க ஒன்றுமில்லை. ஆகஸ்ட் மாதம், ஆள் நடமாட்டமே கிடையாது. நான் எதையும் திட்டமிடவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

மகளுக்குக் காட்டப் படம் எடுக்கிறேன் என்று புது மொபைலோடு ஒரு பாறைமேல் ஏறினான். சறுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. அவன் கனத்த உடம்புக்காரன். என்னால் தூக்க முடியாது. ஒருவேளை இழுத்திருக்கலாம். போனில் சிக்னல் இல்லை.

"ஆளக் கூட்டிட்டு வர்றேன்" என்று வண்டியை எடுத்தேன். தண்ணீர் கேன் வண்டியிலேயே இருந்தது. இறக்கிவைக்க மறந்துவிட்டேன் என்று பிறகு போலீஸிடம் சொன்னேன். மறக்கவில்லை.

அதிக தூரம் போகவில்லை. மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு கருவேல மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காசை நினைத்துக்கொண்டேன். நூற்றைம்பது வருஷம் போருக்கும் திருடனுக்கும் தப்பி வந்த பொருள், ஒரு ஆசாரியின் ஊதுகுழல் நெருப்பில் சாகலாமா என்று நினைத்தேன். தப்பான நினைப்பு என்று சொல்ல முடியுமா?

பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் திரும்பிப் போனேன். சட்டையைக் கழற்றித் தலையில் போட்டிருந்தான். உதடு வெடித்திருந்தது.

"ஆள் கெடச்சாங்களா காக்கா?"

"இல்ல."

"தண்ணி தாங்க."

"கொக்கி வைக்கிற யோசனைய விட்டுட்டியா?"

தலையில் கிடந்த சட்டையை விலக்கி என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"காச எடுத்துக்குங்க காக்கா. அஸ்மத்துகிட்ட நானே சொல்லுறேன். சும்மாவே எடுத்துக்குங்க. மொதல்ல தண்ணி தாங்க."

இங்கேதான் நான் எப்படிப்பட்டவன் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். வேறொருவனாக இருந்தால் சரி என்றிருப்பான். நெருக்கடியில் ஒருவன் கொடுப்பது கொடுத்ததாகாது. மார்க்கமும் அதை ஏற்காது, சட்டமும் ஏற்காது. அப்படி வந்த காசு என் அலமாரியில் ஒருநாளும் இருந்ததில்லை. "இந்த நெலமைல உங்கிட்ட வாங்குறது முறையில்ல லுக்மான்" என்றேன். வண்டி கொதித்துப்போயிருந்தது. கேனைத் திறந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மிச்சத்தை நான் குடித்தேன்.

பொழுது சாய்ந்தபின் சோஹார் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். வழி தவறிவிட்டது, வண்டி நின்றுவிட்டது என்றேன். மறுநாள் காலை அவன் உடலைக் கொண்டுவந்தார்கள். நான் அழுதேன். அது நடிப்பில்லை. அவர்களே எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை; கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

அஸ்மத் பீவி கீழக்கரைக்குப் போய்விட்டாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடியும்வரை நான் காசு பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. முடிந்தபின் ஊருக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். அவள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே விலை சொன்னேன்.

"முழு மனசோடதானே தர்ற தங்கச்சி?"

"இதென்ன கேள்வி காக்கா. நீங்க இல்லாட்டி இந்தப் புள்ள கல்யாணம் நடக்குமா?"

நிக்காஹ் அன்று பந்தலில் முன்னால் நின்று வந்தவர்களை வரவேற்றது நான்தான். இப்போதும் பெருநாளுக்கு நஜீஹாவுக்குத் துணி அனுப்புகிறேன்.

விலை பேசிய அன்று, காசை வாங்கிக்கொண்டு எழுந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து அஸ்மத் கேட்டாள்.

"கடைசியா அவுஹ எதுவும் சொன்னாஹளா காக்கா?"

"பிள்ளையப் பாத்துக்கச் சொன்னான்" என்றேன்.

அவன் தண்ணீர் மட்டும்தான் கேட்டான். ஆனால் தாகம் இல்லாமலிருந்தால் பிள்ளையைப் பற்றித்தான் சொல்லியிருப்பான். அதனால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நான் பொய் சொல்கிறவன் இல்லை.